அக்வாபோரின், எம்.ஓ.ஜி. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

கேள்வி: தங்கைக்கு 34 வயது. திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கியது, ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண் நரம்பு அழற்சி) என்றார்கள். எம்.எஸ்.ஸா (மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கெடும் நோய்) இல்லையா என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா டாக்டர்?

பதில்: தெரியாதம்மா. எம்.எஸ்.ஸை உறுதிசெய்யும் ஆன்டிபாடி எதுவும் இல்லை. அறிகுறி, எம்.ஆர்.ஐ., தண்டுவட நீரில் ஆலிகோகுளோனல் பேண்ட் (ஆன்டிபாடி புரதங்கள் லேபில் காட்டும் கோடுகள்) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். பேண்ட் பார்க்கத் தண்டுவட நீரோடு அதே நேரத்தில் எடுத்த ரத்தமும் லேபுக்குப் போகவேண்டும். ரத்தத்தில் இல்லாத பேண்ட் குறைந்தது இரண்டு தண்டுவட நீரில் இருந்தால்தான் பாசிட்டிவ்.

ரத்தத்தில் தேடும் ஆன்டிபாடிகள் வேறு நோய்களுக்கானவை. அக்வாபோரின்-4 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்றால் என்.எம்.ஓ. (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் முக்கியமாகத் தாக்கும் நோய்), எம்.ஓ.ஜி. என்ற நரம்புறைப் புரதத்துக்கு எதிரானது என்றால் மோகாட் (அந்த ஆன்டிபாடியோடு வரும் நரம்புறை நோய்). இவற்றைத் தவறவிட்டு எம்.எஸ். என்று முடிவுகட்டுவதுதான் ஆபத்து. பீட்டா இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடும்.

கேள்வி: சார், டீமைலினேஷன் (நரம்புறைச் சிதைவு) சந்தேகம் உள்ள எல்லாருக்குமே இரண்டையும் அனுப்பிவிடலாமா? (நியூராலஜி முதுநிலை மாணவர்)

பதில்: அக்வாபோரின்-4 கேட்கத் தயங்கவேண்டாம். தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ அழற்சி, இரு கண்ணிலும் நியூரைட்டிஸ், கயாஸம் (இரு கண் நரம்புகளும் சந்திக்கும் இடம்) வரை நீளும் பாதிப்பு என்றால் கட்டாயம் கேளுங்கள். காரணம் தெரியாமல் நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் அப்படித்தான். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் பகுதியான ஏரியா போஸ்ட்ரீமாவில் உள்ள கோளாறு அது; எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாது.

எம்.ஓ.ஜி. அப்படியல்ல. படமும் போக்கும் அச்சு அசலாக எம்.எஸ். போலிருந்தால் அனுப்பாதீர்கள். அங்கே வரும் குறைந்த டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற அளவு) பாசிட்டிவ் பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கணவரின் ரிப்போர்ட்டில் ‘எம்.ஓ.ஜி. பாசிட்டிவ், 1:20’ என்றிருக்கிறது. உறுதிதானா?

பதில்: எண்ணுக்கு முன்னால் முறையைப் பாருங்கள். ‘செல் பேஸ்டு அஸ்ஸே’ என்று இருக்கவேண்டும். மனித செல்களின் மேற்பரப்பில் எம்.ஓ.ஜி. புரதத்தை உருவாக்கி, அதன்மேல் நோயாளியின் சீரத்தை (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) விட்டு, ஒளிரும் சாயம் பூட்டிய இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். சவ்வின் ஓரம் பச்சையாக மின்னினால் பாசிட்டிவ். உயிருள்ள செல்லில் புரதம் இயல்பான மடிப்போடு இருக்கும். ஃபார்மலின் போன்றவற்றில் பதப்படுத்திய ‘ஃபிக்ஸ்டு’ செல்லில் அது கொஞ்சம் மாறலாம். எலைசா என்ற வேறு முறையில் வந்த எம்.ஓ.ஜி. முடிவை வைத்து நோய் முடிவு செய்யவே கூடாது.

2023-இல் வெளியான மோகாட் வரையறைப்படி, ஃபிக்ஸ்டு முறையில் 1:100-உம் அதற்கு மேலும் தெளிவான பாசிட்டிவ். 1:10 முதல் 1:100-க்குக் கீழ் வரை குறைந்த பாசிட்டிவ். 1:20 இரண்டாவது ரகம். அப்போது அக்வாபோரின்-4 நெகட்டிவாக இருக்கவேண்டும், கூடவே துணை அடையாளம் ஒன்றாவது வேண்டும்: இரு கண்ணும் ஒன்றாகப் பாதிப்பது, ஆப்டிக் நரம்பின் பாதி நீளத்துக்கு மேல் அழற்சி, எம்.ஆர்.ஐ.யில் நரம்பு உறை பளிச்சிடுவது, டிஸ்க் (கண்ணுக்குள் ஆப்டிக் நரம்பு தொடங்கும் இடம்) வீக்கம், தண்டுவடத்தின் நடுப்பகுதியிலோ அடிநுனியான கோனஸிலோ பாதிப்பு. எதுவும் இல்லையென்றால் அந்த 1:20-ஐ நம்பி மருந்தை மாற்றாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்டீராய்டும் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சும் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் சிகிச்சை) முடிந்தபிறகே ரத்தம் எடுத்தார்கள். அக்வாபோரின்-4 நெகட்டிவ். நம்பலாமா டாக்டர்?

பதில்: முழுதாக நம்பமுடியாது. பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் ஆன்டிபாடியையே வெளியேற்றிவிடும். ஸ்டீராய்டும் டைட்டரைக் குறைக்கும். ஊசி போடுவதற்கு முன்பே சீரம் எடுத்துவைப்பதுதான் சரியான வழி. முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கவும் கூடாது. நோயின் போக்கு என்.எம்.ஓ. போலவே இருந்தால் 3 முதல் 6 மாதத்தில், அல்லது அடுத்த தாக்குதலின்போது, திரும்பப் பாருங்கள். அக்வாபோரின்-4-க்குச் சீரம் போதும், அதற்காக மட்டும் முதுகில் குத்தவேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு சி.ஐ.டி.பி. (கை கால் நரம்புகளின் நாள்பட்ட அழற்சி), ஐ.வி.ஐ.ஜி. (இம்யூனோகுளோபுலின் ஊசி) கொடுத்தும் கேட்கவில்லை. அவருக்கும் எம்.ஓ.ஜி. பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அது மூளை, தண்டுவடம், கண் நரம்புக்கானது. கை கால் நரம்புக்கு நியூரோஃபாசின்-155, கான்டாக்டின்-1, காஸ்பர்-1 ஆகிய புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் ரிடுக்ஸிமாப் மருந்தின் பக்கம் போகவேண்டியிருக்கும்.