கடல் படிக்க நினைக்கும் பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதற்கு?

கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. மகள் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஏஐ, டேட்டா சயின்ஸ் பிரிவுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசியாகிவிட்டது. பணத்துக்கு நிலத்தை அடமானம் வைக்க அப்பா தயார். "பெங்களூருல இருக்கிற அவ மாமா சொல்லிட்டாரு சார், இனிமே இதுதான்னு" என்றார். அவரிடம் சொன்னதையும் அன்று சொல்ல முடியாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

ஐயா, பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துப் பயப்படுவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்துக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். உங்கள் மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டை நீங்கள் அன்றுதான் முதல்முறை பார்த்தீர்கள். அன்னங்கோவில் மீன் இறங்குதளத்தில் கிழங்கான், சூடை, கானாங்கெளுத்தி, வவ்வால் என்று எந்த மாதம் எது வந்தது, எது குறைந்தது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வந்த முதல் வாரத்துக்கு மட்டும் தனிப் பக்கம். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை இது. அதே பெண்ணிடம் கோடிங் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு வருடம் படிக்கப்போவது மாமா இல்லை, அவள்தான்.

மருத்துவம், பொறியியல் கலந்தாய்வு பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதைச் சொல்கிறேன். பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் புலம் இருக்கிறது. 1960-களிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உயர் ஆய்வு மையமாக ஏற்றுக்கொண்ட இடம் அது. இன்றும் கடல் உயிரியல் படிக்க வெளி மாநிலங்களிலிருந்து மாணவர்கள் அங்கே வருகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்களான நமக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை!

வழி எளிது. முதலில் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். செலவு சில ஆயிரங்களில் முடியும். அப்புறம் பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி. கடல் உயிரியல், கடலியல். அங்கே பாடம் பலகையோடு முடிவதில்லை. கழிமுகத்தில் படகில் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும், உப்புத்தன்மை பார்க்க வேண்டும், சன்னமான வலையை இழுத்து மிதவையுயிரிகளை (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை) பிடித்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆறு, கழிமுகம், காடு, கடல் நான்கும் ஒரே இடத்தில் வாய்க்கும் வளாகம் நாட்டிலேயே அபூர்வம்.

"அரசாங்கத்தை நம்பிப் படிக்க வைக்கலாமா?" என்று உங்கள் மனைவி கேட்டார். நல்ல கேள்வி. 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, தமிழக அரசுதான் சட்டம் போட்டு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மத்திய அரசு பக்கம் புவி அறிவியல் அமைச்சகம் இருக்கிறது. 2021-ல் ஆழ்கடல் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் என்று ஒப்புதல் கிடைத்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா 6000 கலத்தைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரிப் பணம் ஆய்வகத்துக்கும், கப்பலுக்கும், ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக்கும் போகிறது. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு முன்பே, பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருந்தால், பி.எஸ்சி. படிக்கும்போதே மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

இதில் இருக்கும் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு பெரிய சம்பளம் வராது. கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்தப் பணியாகத்தான் இருக்கும். திட்டம் முடிந்தால் அந்த வேலையும் முடிந்தது. நெட், கேட் (GATE) தேர்வுகள் இரண்டில் ஒன்றையாவது தேறினால்தான் காலூன்ற முடியும். ஆக 25, 26 வயது வரை பொறுமை வேண்டும். கல்யாணப் பேச்சை நடுவில் கொண்டுவந்து அவள் படிப்பை வெட்டாதீர்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

மாமாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் செயற்கைக்கோள் தரவிலிருந்து கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கணக்கிட்டு, மீன் எங்கே சேர வாய்ப்பு என்று மீனவர்களுக்குத் தினமும் சொல்கிறது. சுனாமி எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த வேலைக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும். பி.எஸ்சி. படிக்கும்போதே விடுமுறையில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளட்டும், இலவசமாகவே கிடைக்கிறது. அதற்காக லட்சக்கணக்கில் நன்கொடை கொடுக்க வேண்டியதில்லை.

கல்லூரிக்கு மீதிப் பணம் கட்டுவதற்கு முன் மகளோடு ஒரு நாள் பரங்கிப்பேட்டை போய் வாருங்கள், ஐயா. மாமாவையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. அலுவலகத்தோடு நின்றுவிடாமல் ஆய்வகத்தில் இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். போன வருடம் எத்தனை பேர் நெட் தேறினார்கள், இப்போது என்னென்ன திட்டங்கள் நடக்கின்றன, அவை எப்போது முடிகின்றன, உதவித்தொகை மாதா மாதம் வருகிறதா, தாமதமாகிறதா, பெண்களுக்கு விடுதி எப்படி என்று கேளுங்கள். எம்.எஸ்சி. கட்டணத்தை அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கேள்வியையெல்லாம் உங்கள் மகளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.