கடைசி பஸ்ஸில் போகிறவருக்கும் சேர்த்துத்தான் விருந்து

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே விஷயம்தான்: அலுவலக நத்தார் (கிறிஸ்துமஸ்) விருந்து. கண்டியிலும் நுவரெலியாவிலும் ஹோட்டல்களின் விருந்து மண்டபப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். மேசைக்கு விரிப்புப் போடும் பையனாகச் சேர்ந்து, மண்டபப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் கிளை கண்டி நகரில் இருக்கிறது. 60 பேர். டிசம்பர் மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்கு ஹோட்டலில் டின்னர் என்று முகாமையாளர் சொல்கிறார். பெண்கள் பலர் தயங்குகிறோம். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? (கம்பளை வாசகி)

முகாமையாளரிடம் ஒரு தாளை நீட்டுங்கள். அதில் 60 பேரின் பெயர், இறங்கும் இடம், அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற மூன்றே விவரம் போதும். பேராதனை, கட்டுகஸ்தோட்டை ஆட்களுக்குப் பிரச்சினை இருக்காது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டி என்று பட்டியல் நீளும்போது அவருக்கே விளங்கும்.

இரவு விருந்து எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். 7 மணி என்று போட்டால் ஆட்கள் சேர 8 ஆகும். வரவேற்பு, பேச்சு, விளையாட்டு, பரிசு எல்லாம் முடிந்து பஃபே மூடியைத் திறக்க 9.30. தெல்தோட்டைக்குப் போகவேண்டிய பிள்ளை எட்டரையிலிருந்தே மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் மண்டப வாசலில் நின்ற என்னிடம் அப்படி ஒரு பிள்ளை வந்து, "அண்ணே, சாப்பாடு இப்போதைக்குத் திறக்க மாட்டீங்களா?" என்று கேட்டது. திறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரவில்லை. மேசையில் இருந்த கேக் துண்டு ஒன்றை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அது படியிறங்கிப் போயிற்று. மற்றவர்கள் கட்டிய அதே காசைத்தான் அதுவும் கட்டியிருந்தது. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் பகல் விருந்து வையுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

காலை 11.30க்குத் தொடங்கி, 1 மணிக்குச் சாப்பாடு, அப்புறம் பாட்டும் விளையாட்டும், 4 மணிக்குள் முடிவு. டிசம்பரில் ஹோட்டல்களுக்கு இரவில்தான் நெருக்கடி. வார நாள் பகலில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், விலை பேசவும் இடமிருக்கும்.

இரவுதான் என்று அவர் பிடிவாதமாக நின்றால், வேன் கூலியையும் விருந்துச் செலவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வேன் சந்தியோடு நிற்கக்கூடாது. தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு பஸ் பாதையிலிருந்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இன்னும் எவ்வளவோ தூரம் இருட்டில் நடை இருக்கும். வேன் லயத்து வாசல்வரை போகவேண்டும். கடைசியாக இறங்குகிறவர் வீட்டுக்குள் போனதும் ஒருவருக்கு அழைத்துச் சொல்லவேண்டும். அந்த அழைப்பு வரும்வரை ஏற்பாட்டாளர் தூங்கக்கூடாது.

அலுவலகத்தில் கிறிஸ்தவர்கள் ஐந்தாறு பேர்தான். "நத்தார் விருந்து" என்று போடுவதா, "வருட இறுதி ஒன்றுகூடல்" என்று போடுவதா? (பதுளை)

இரண்டும் வேறு வேறு காரியங்கள், பிரித்துச் செய்யுங்கள். நம் ஊரில் ஒளிவிழா என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. ஒரு காலை வேளையில் அலுவலகத்திலேயே குடில் வைத்து, கரோல் பாடி, ஒரு சிறு செபம் சொல்லி, கேக் வெட்டுங்கள். பங்குத் தந்தையையோ போதகரையோ அழைக்கலாம். அந்த ஐந்தாறு பேரும் அதை முன்னின்று நடத்தட்டும். அவர்கள் பண்டிகைக்கு உரிய மரியாதை அதில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள், நம் ஆட்கள் அதில் குறைவைக்க மாட்டார்கள்.

ஹோட்டலில் வைப்பது ஒன்றுகூடல். அங்கே நட்சத்திரமும் நத்தார் மரமும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் போத்தல் திறக்கிற மண்டபத்தில் செபத்தையும் வைத்து, பாலன் பிறப்புப் பாட்டு முடிந்த கையோடு டீஜே பைலா போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதைப் பார்த்து முகம் சுருங்கிய கிறிஸ்தவ நண்பர்கள் எனக்கு உண்டு.

ஹோட்டலில் தலைக்கு "4,500 ப்ளஸ் ப்ளஸ்" என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த ப்ளஸ் ப்ளஸ் எவ்வளவு? (ஹட்டன்)

சேவைக் கட்டணமும் வரியும். சேவைக் கட்டணம் 10% சேர்த்தால் 4,950. அந்தத் தொகையின் மேல் 18% வற் வரி (2024 ஜனவரியிலிருந்து இந்த வீதம்) சேர்த்தால் 5,841. 60 பேருக்கு நீங்கள் 2,70,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கடைசியில் கையில் வரும் பில் 3,50,460. சில இடங்களில் 2.5% சமூகப் பாதுகாப்பு வரியையும் இதனுடன் சேர்ப்பார்கள். ஆகவே முதல் பேச்சிலேயே "நெட் விலை எவ்வளவு?" என்று கேளுங்கள். எல்லாம் உட்பட ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, உறுதி எண்ணிக்கை. 60 என்று உறுதி சொல்லி 48 பேர் வந்தாலும் 60 பேருக்குத்தான் பில். அதனால் வருவதாகச் சொன்ன எண்ணிக்கையில் நாலைந்தைக் குறைத்து உறுதி கொடுங்கள். கூடுதலாக நாலைந்து பேர் வந்தால் சமாளிக்கிற அளவு எந்த பஃபேயிலும் சமைப்பார்கள். வந்த கூடுதல் ஆட்களுக்குக் காசு கட்டிவிட்டால் முடிந்தது.

மாலை போட்டவர்கள் மூவர், முஸ்லிம் சகோதரர்கள் எட்டுப் பேர், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பலர். ஒரே பஃபேயில் எல்லாரையும் எப்படித் திருப்திப்படுத்துவது? (தலவாக்கலை)

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன். டிசம்பர் நடுப்பகுதி என்றால் நம் பகுதியில் ஐயப்பன் மாலை போட்டவர்கள் விரதத்தின் உச்சத்தில் இருப்பார்கள். மார்கழி பிறந்தால் திருவெம்பாவைக்காக மரக்கறிக்கு மாறுகிறவர்களும் உண்டு. அவர்களை "ஓரமாக ஏதாவது சாப்பிடட்டும்" என்று விடுவது பெரிய தவறு.

நான் பொறுப்பில் இருந்த ஒரு விருந்தில் நடந்தது இது. மரக்கறி வரிசை தனியாகத்தான் வைத்தோம், அழகாகப் பெயர்ப் பலகையும் வைத்தோம். கூட்டம் கூடிய நேரத்தில் யாரோ ஒருவர் கோழிக் குழம்பில் கிடந்த அகப்பையைப் பருப்புச் சட்டியில் போட்டுவிட்டார். மஞ்சள் பருப்பின் மேல் சிவப்பு எண்ணெய் ஒரு வளையமாக மிதந்தது. கறுப்பு வேட்டியுடன் நின்ற பெரியவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெறும் பீங்கானை மெதுவாக வைத்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பிழை என் பிழை. மரக்கறி மேசையை மண்டபத்தின் மறுபக்கத்தில் போட்டு, பரிமாற ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தால் அது நடந்திருக்காது. அதற்குப் பிறகு நான் நடத்திய எல்லா விருந்திலும் அப்படித்தான் செய்தேன்.

மெனு பேசும்போது "மரக்கறி" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். நம் நாட்டு ஹோட்டல் சமையலில் மாசிக் கருவாடு எங்கெங்கோ ஒளிந்திருக்கும்: தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில இடங்களில் மரக்கறிப் பொரியலில்கூட. மரக்கறி பிரைட் ரைஸில் முட்டையும் ஒய்ஸ்டர் சோஸும் இருக்கலாம். மாசி இல்லாமல், முட்டை இல்லாமல், தனி எண்ணெயில் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மாலை போட்டவர்களுக்கு வெங்காயம், பூண்டு ஆகுமா என்று அவர்களிடமே கேளுங்கள், ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும்.

முஸ்லிம் சகோதரர்களுக்கு இறைச்சி ஹலாலா என்று கேட்பதோடு வேலை முடியாது. ரிச் கேக்கில் பிராந்தி, டிரைஃபிள் இனிப்பில் வைன், புடிங்கில் ஜெலட்டின். மூன்றையும் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசியில் செய்யச் சொல்லலாம், அப்போது மரக்கறிக்காரர்களுக்கும் அந்தப் புடிங் ஆகும். இனிப்புக்கு வட்டலாப்பம் வைத்தால் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவார்கள். முட்டை தொடாதவர்களுக்கு மட்டும் பழமோ கட்டித்தயிரும் பாணியுமோ போதும். மாட்டிறைச்சியையும் பன்றியையும் மெனுவிலேயே போடாமல் கோழியும் மீனும் என்று முடித்தால் பாதித் தலைவலி தீரும்.

வெளியிலிருந்து நாங்களே போத்தல் கொண்டுபோனால் ஹோட்டலில் காசு வாங்குவார்களாமே, சரியா? (மாத்தளை)

சரிதான், அதற்குப் பெயர் கோர்கேஜ். போத்தலுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், சில இடங்களில் அனுமதிக்கவே மாட்டார்கள். சோடா, ஐஸ், பைட்ஸ் எல்லாவற்றுக்கும் தனி பில் வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நாளைப் பார்த்தீர்களா? டிசம்பரில் உந்துவப் போயா (பௌர்ணமி விடுமுறை) வரும். 2023இல் அது 26ஆம் திகதி வந்தது, 2025இல் 4ஆம் திகதி. போயா தினத்தில் மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடையும் பூட்டு. தினம் குறிக்கும் முன் நாட்காட்டியைப் புரட்டுங்கள்.

அலுவலகத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இருப்பார்கள். 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் மது விற்கக்கூடாது என்பது சட்டம். கேலி பண்ணி அவர்கள் கையில் கிளாஸைக் கொடுக்கும் "அண்ணன்மார்" ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு. அதை ஆரம்பத்திலேயே முகாமையாளர் வாயால் தடுக்கச் சொல்லுங்கள். பைக்கில் வந்தவர்களின் சாவியையும் வாங்கி வையுங்கள். ரம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் இரவுப் பனி இறங்கிவிட்டால், குடிக்காதவனுக்கே பாதை தெரியாது.

என்னைக் கேட்டால், குடும்பத்தோடு வரும் விருந்தில் மது வேண்டாம். அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கலாம்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் மாலை விருந்து வைக்க ஆசை. படங்கள் அழகாக இருக்கின்றன. (கொட்டகலை)

வேண்டாம். 1,868 மீற்றர் உயரம், டிசம்பர் இரவு. புல் நனைந்து செருப்புக்குள் ஈரம் ஏறும். காற்றில் பஃபே அடுப்பின் சுடர் அணையும், சோறு கால் மணி நேரத்தில் விறைத்துவிடும். புகைப்படத்தைப் பகல் வெயிலில் புல்வெளியில் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை உள்ளே வையுங்கள்.

அட்வான்ஸ் கட்டிவிட்டோம். மழை பெய்து பாதை மூடினால் காசு போய்விடுமா? (பண்டாரவளை)

நீங்கள் எழுதி வாங்கியதைப் பொறுத்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாட்டுப் பாதைகளை மண் மூடியதை நாம் எல்லாரும் பார்த்தோம். அப்படி ஒரு நேரத்தில் விருந்தைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட மாட்டோம், ஆனால் நலன்புரிச் சங்கத்தின் காசு ஹோட்டலில் கிடக்கும். அதனால் ரசீதிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இயற்கை அனர்த்தம் அல்லது மண்சரிவு எச்சரிக்கை காரணமாக நடத்த முடியாவிட்டால், கட்டிய தொகை வேறொரு தினத்துக்கு மாற்றப்படும்." காசைத் திருப்பித் தரத் தயங்குகிற இடங்கள்கூடத் தினம் மாற்ற ஒப்புக்கொள்ளும்.

விருந்துக்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் ஆட்கள் இருக்கும் பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தால், ஹோட்டல் வாசலில் வெயில் அடித்தாலும் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் ஏற்பாட்டாளர் கைபேசியில் இருக்கட்டும்.

எல்லாரிடமும் சமமாக 5,000 ரூபாய் வாங்குவது நியாயமா? சிற்றூழியர்கள் முணுமுணுக்கிறார்கள். (நாவலப்பிட்டி)

நியாயமில்லை. முகாமையாளருக்கு அது ஒரு நாள் செலவு, தேநீர் கொண்டுவருகிற அம்மாவுக்கு அது பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து. ஜனவரியில் வரப்போகும் கொப்பி, புத்தகச் செலவும் அவர் தலையில் இருக்கும். சம்பளப் படிக்கு ஏற்ற மாதிரி மூன்று தொகை வையுங்கள், சிற்றூழியர்களிடம் வாங்கவே வேண்டாம் என்றாலும் நல்லது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பரிசு மாற்றும் விளையாட்டுக்கும் இதே பேச்சுத்தான். 500 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரம்பு சொல்லுங்கள்.

மிஞ்சிய சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரலாமா? (கண்டி)

பெரும்பாலான ஹோட்டல்கள் விடமாட்டார்கள். மணிக்கணக்கில் வெளியே இருந்த சோறும் இறைச்சியும் வயிற்றைக் கெடுத்தால் பழி அவர்கள் மேல் வரும் என்ற பயம், அது நியாயமான பயம்தான். கேக், பழம் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

சேவைக் கட்டணம் 10% எடுக்கிறார்களே, பரிமாறுகிற பையன்களுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? (ஹட்டன்)

கட்டாயமில்லை, அந்தப் பத்து வீதம் ஊழியர்களுக்குப் பங்காகப் போகும். ஆனால் அந்தப் பையன்களில் பலர் நம் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நத்தார் வாரம் முழுக்க லீவு இல்லாமல் நிற்பார்கள், காலையில் ஒரு பிளேன்டீ குடித்ததோடு சரி. மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் பொறுப்பாளரிடம் போய், "பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டால் அவர் அவர்களை உட்கார வைத்தே ஆகவேண்டும். என் இருபது வருஷத்தில் அப்படி என்னிடம் வந்து கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.