டி-ரெக் செல்களும் சகாகுச்சியின் ஆய்வு வழியும்: கேள்வி பதில்

2025-ன் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் போனதிலிருந்து நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆய்வகத்தில் இருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: சொந்த உடலைத் தாக்கும் டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை), அவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பியே அழித்துவிடும் என்றுதானே படித்தோம்? அப்புறம் சகாகுச்சி புதிதாக என்ன சொன்னார்?

தைமஸ் பெரும்பாலானவற்றை அழிக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. தப்பித்து வந்தவை உங்கள் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் இப்போதும் சுற்றுகின்றன. அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே ஒரு தனி டி செல் வகை உண்டு என்பதைச் சகாகுச்சி காட்டினார். இவைதான் டி-ரெக், அதாவது ஒழுங்குபடுத்தும் டி செல்கள். தொடக்கம் அவருடையதல்ல. 1969-ல் நிஷிசுகாவும் சகாகுராவும், பிறந்து 3 நாளான சுண்டெலியின் தைமஸை எடுத்தால் அதன் சினைப்பை அழிந்துபோவதைப் பார்த்தார்கள். டி செல் குறைந்தால் எதிர்ப்புச் சக்திதானே குறைய வேண்டும்? மாறாக, உடல் தன்னையே தாக்கியது. ஜப்பானின் நகோயாவில் இந்த எலிகளை எடுத்துக்கொண்ட சகாகுச்சி, இயல்பான எலியின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினால் நோய் வராமல் தடுக்கலாம் என்று 1982-ல் காட்டினார்.

கேள்வி: ஏன் 3-ஆம் நாள்? 7-ஆம் நாள் எடுத்தால் வராதா?

வராது. அடக்கும் செல்கள் மற்ற டி செல்களைவிடச் சற்றுத் தாமதமாகத் தைமஸை விட்டு வெளியேறுகின்றன. 3-ஆம் நாள் எடுத்தால் தாக்கும் செல்கள் வெளியே வந்திருக்கும், அடக்குபவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் இரண்டுமே வெளியே போயிருக்கும். எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பது எலியின் இனவகையைப் பொறுத்தது. ஒன்றில் இரைப்பை, இன்னொன்றில் சினைப்பை அல்லது தைராய்டு. ஒரே இனவகையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் தவறாகத்தான் முடியும்.

கேள்வி: "சப்ரஸர் டி செல்" (அடக்கும் டி செல்) என்ற கருத்து 80-களிலேயே செத்துப்போனது என்கிறார் எங்கள் பேராசிரியர். பிறகு எப்படி மீண்டு வந்தது?

உங்கள் பேராசிரியர் சொல்வது சரி. 1970-களில் அந்தச் செல்களின் அடையாளமாக ஐ-ஜே என்ற மரபணுப் பகுதியைச் சொன்னார்கள். 80-களின் தொடக்கத்தில் அந்த டிஎன்ஏ பகுதியைப் பிரித்துப் பார்த்தபோது அங்கே அப்படியொரு மரபணுவே இல்லை. துறையே கலைந்தது. "அடக்கும் செல்" என்று எழுதினாலே கட்டுரையை ஒதுக்கும் நிலை வந்தது.

சகாகுச்சியின் வழி வேறு என்பதால்தான் அது நின்றது. குறிப்பிட்ட ஒரு செல் கூட்டத்தை நீக்கினால் இயல்பான எலியின் செல்களே நோய் உண்டாக்க வேண்டும், அதே கூட்டத்தைத் திருப்பிச் சேர்த்தால் நோய் நிற்க வேண்டும். இரண்டு திசையிலும் நிரூபிக்காமல் அவர் எதையும் கோரவில்லை. 1985-ல் சிடி5 என்ற மேற்பரப்புப் புரதம் அதிகமுள்ள செல்களை வைத்து இதைச் செய்தார். ஆனால் சிடி5 பெரும்பாலான டி செல்களில் இருப்பதால் கூர்மையான அடையாளம் தேவைப்பட்டது. 1995-ல் சிடி25 என்ற புரதம் அடையாளமாகக் கிடைத்தது. சிடி4 செல்களில் (உதவி டி செல்கள்) ஏறத்தாழ 10 விழுக்காடே இருக்கும் சிடி25 செல்களை நீக்கிவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத நியூட் எலிகளுக்குச் செலுத்தினார். தைராய்டு, இரைப்பை, கணையம், சினைப்பை என்று பல உறுப்புகளில் அழற்சி வந்தது. நீக்கியதை உடனே திருப்பிச் செலுத்தியவற்றில் வரவில்லை. அப்போதும் பலர் நம்பவில்லை. அமெரிக்காவில் ஈத்தன் ஷெவாக் போன்ற ஐயம் கொண்டவர்களே தங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது.

கேள்வி: பிரங்கோ, ராம்ஸ்டெல் பங்கு?

ஸ்கர்ஃபி என்ற எலிவகையில் ஆண் குட்டிகள் சில வாரங்களில் இறந்துவிடும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள காரணத்தைத் தேடிய அவர்கள் சுமார் 5 லட்சம் நியூக்ளியோடைடுகள் வரை சுருக்கி, அங்கிருந்த 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசியான இருபதாவதில்தான் பிழை இருந்தது. அதுதான் ஃபாக்ஸ்பி3. 2001-ல் வெளியானது. அதே மரபணு கெட்டால் மனிதக் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, ஐபெக்ஸ் என்ற கடும் நோய் வருகிறது: விடாத வயிற்றுப்போக்கு, எக்ஸிமா, முதல் வகை நீரிழிவு. 2003-ல் சகாகுச்சி குழுவும் வேறு இரு குழுக்களும் ஃபாக்ஸ்பி3-தான் டி-ரெக் செல்லை உருவாக்குகிறது என்று காட்டின.

கேள்வி: எம்.எஸ்சி. பிராஜெக்ட் செய்கிறேன். மனித ரத்தத்தில் ஃபாக்ஸ்பி3 ஸ்டெயினிங் (ஒளிரும் ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டுவது) தனிக் கூட்டமாக வராமல் இழுபட்டு வருகிறது. என்ன தவறு?

முதலில் பார்க்க வேண்டியது எந்த பெர்மியபிலைசேஷன் கிட் (செல் சவ்வில் துளையிட்டு ஆன்டிபாடியை உள்ளே விடுவது) என்பதை. சைட்டோகைனுக்கு (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) பயன்படுத்தும் சாதாரண சபோனின் கிட் போதாது. ஃபாக்ஸ்பி3 செல்கருவுக்குள் இருப்பதால் அதற்கான கிட்தான் வேண்டும். இறந்த செல்லைக் காட்டும் சாயம், பிறகு மேற்பரப்பு ஆன்டிபாடிகள், பிறகு ஃபிக்ஸ், கடைசியில் பெர்ம் பஃபரிலேயே ஃபாக்ஸ்பி3 ஆன்டிபாடி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெர்ம் பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள். ஃபிக்ஸ் ஆன செல்கள் எளிதில் அடியில் படியாது. சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி-யில் சுற்றினால் கொட்டும்போது பாதி போய்விடும். 500 முதல் 600 ஜி வையுங்கள். கேட் போட (எது பாசிட்டிவ் என்று எல்லை வரைய) ஐசோடைப்பை (எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி) நம்பாமல் எஃப்எம்ஓ கன்ட்ரோல் (ஒரு சாயத்தை மட்டும் விட்ட மாதிரி) வையுங்கள். 259டி அல்லது 206டி ஆன்டிபாடி குளோனை முயலுங்கள். பிசிஎச்101-ல் பின்னணி கூடுதலாக இருக்கும்.

மனிதரில் இன்னொரு பொறி உண்டு. தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் சிறிது நேரம் ஃபாக்ஸ்பி3, சிடி25 இரண்டையும் காட்டும். சிடி127 என்ற மேற்பரப்புப் புரதம் குறைவாக இருப்பதையும் சிடி45ஆர்ஏ-வையும் சேர்த்துப் பாருங்கள். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் டிஎஸ்டிஆர் பகுதியில் மெத்திலேஷன் (டிஎன்ஏ மேல் ஒட்டும் வேதி அடையாளம்) நீங்கியிருப்பதை அளக்க வேண்டும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாலும் பெண்களில் இரண்டு எக்ஸில் ஒன்று முடங்கியிருப்பதாலும், பெண் தானமளிப்பவரின் தூய டி-ரெக்கில்கூட இது 50 விழுக்காட்டைச் சுற்றியே வரும். மாதிரி கலப்படம் என்று எறிந்துவிட வேண்டாம்.

கேள்வி: அடக்கும் சோதனையில் (டி-ரெக் மற்ற டி செல்களின் பெருக்கத்தைக் குறைக்கிறதா என்று பார்ப்பது) அடக்குதலே தெரியவில்லை.

டி செல்களைத் தூண்டும் ஆன்டி-சிடி3/சிடி28 மணிகளைக் குறையுங்கள். தூண்டுதல் பலமானால் டி-ரெக் தோற்கும். ஊடகத்தில் வெளியிலிருந்து ஐஎல்-2 (டி செல்லை வளர்க்கும் புரதம்) சேர்த்திருந்தாலும் அப்படித்தான். டி-ரெக்குக்கும் சாதாரண டி செல்லுக்கும் 1:1, 1:2, 1:4, 1:8 என்று விகிதங்களை வைத்து 3 அல்லது 4 நாள் பாருங்கள். டி-ரெக்குக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் சாதாரண டி செல்லைப் போட்ட குழிகளும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் நெரிசலால் பெருக்கம் குறைந்ததை அடக்குதல் என்று எழுதிவிடுவீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். டி-ரெக் எண்ணிக்கை டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?

வேண்டாம்மா, பணம்தான் வீண். அழற்சியுள்ள மூட்டு நீரில் டி-ரெக் நிறையவே இருக்கும், ஆனாலும் நோய் அடங்காது. எண்ணிக்கையை வைத்து மருத்துவர் எதையும் மாற்றப் போவதில்லை. சிஆர்பி, ஈஎஸ்ஆர், ஆன்டி-சிசிபி ஆகிய ரத்தப் பரிசோதனைகள், மூட்டுப் பரிசோதனை, இவைதான் அவருக்கு உதவும். மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தால் அது வாரம் ஒருமுறை மாத்திரை. தினமும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுக்கும் மாமாவுக்குத் தைராய்டு கெட்டுவிட்டது. இதற்கும் டி-ரெக்குக்கும் தொடர்பா?

தொடர்பு உண்டு. சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறை டி-ரெக் எப்போதும் தாங்கி நிற்கிறது. அதைத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற மருந்து, டி செல்கள் குடலையும் பிட்யூட்டரியையும் தாக்கச் செய்யலாம். டி செல்லின் இன்னொரு தடையான பிடி-1-ஐத் தடுக்கும் மருந்துகளில் தைராய்டு பாதிப்பு அதிகம். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு பரிசோதனைகளைப் பார்ப்பது வழக்கம். தைராக்சின் தொடங்கும் முன் காலைக் கார்ட்டிசாலை (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) பார்த்தார்களா என்று கேளுங்கள். கார்ட்டிசாலும் குறைந்திருந்தால் ஸ்டீராய்டுதான் முதலில். தைராக்சினை முந்திக் கொடுத்தால் அட்ரீனல் நெருக்கடி வரலாம்.