ஆபீஸ் வேலையோடு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கும் மெயிலில் பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்புகிறேன். 2 வாரமாகப் பதில் இல்லை. நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

உங்கள் பேட்சில் குறை இருக்கலாம். ஆனால் என் முதல் சந்தேகம் அனுப்பிய நாள் மேல்தான். புது மாற்றங்களைக் கெர்னலில் சேர்க்கும் காலமான மெர்ஜ் விண்டோ நடுவில் போய் விழுந்திருக்கும்.

ஒரு கெர்னல் பதிப்புக்கு 9 அல்லது 10 வாரம். முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ. அது ஆர்சி1 (முதல் சோதனை வெளியீடு) உடன் மூடும். பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு ஓர் ஆர்சி. நமக்குப் பெரும்பாலும் திங்கள் விடியற்காலை ஆகிவிடும். வழக்கமாக ஆர்சி7 வரை, சில சமயம் ஆர்சி8 வரை போகும், அடுத்த ஞாயிறு இறுதி வெளியீடு. இன்று எந்த ஆர்சி என்று தெரிந்தால் போதும், மீதியை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மெர்ஜ் விண்டோவில் உள்ளே போவது அப்போது அனுப்பிய பேட்ச் அல்ல. அதற்கு முன்பே மெயின்டெய்னர் மரத்தில் (அந்தப் பகுதியின் பொறுப்பாளர் வைத்திருக்கும் கோட் தொகுப்பில்) ஏறி, அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்த்துச் சோதிக்கும் லினக்ஸ்-நெக்ஸ்டில் சில நாள் ஓடியது. பந்தியில் இலை போட்டபிறகு அரிசி மூட்டையோடு வந்து நின்றால் யார் கவனிப்பார்கள்? நெட்வொர்க்கிங்கில் அந்த 2 வாரம் புது அம்சங்கள் சேரும் நெட்-நெக்ஸ்ட் மரத்தையே மூடிவிடுவார்கள். கிராஃபிக்ஸில் புது அம்சங்களுக்கு ஏறத்தாழ ஆர்சி6-தான் கடைசி. இப்படி சப்சிஸ்டத்துக்குச் சப்சிஸ்டம் (கெர்னலின் பிரிவுகள்) மாறும் என்று சண்டைக்கு வருவார்கள். மாறும்தான், ஆனால் ஆர்சி6 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் மோசம் போகமாட்டீர்கள்.

ஆகவே மெர்ஜ் விண்டோவில் எதுவும் அனுப்பாதீர்கள். அந்த நடுவாந்தர கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) மேல் வேலையை ஆரம்பிக்கவும் வேண்டாம். உடைந்தால் உங்கள் பிழையா அவர்கள் பிழையா என்றே தெரியாது. ஆர்சி1 வந்ததும் உங்கள் பேட்சை அதன் மேல் மாற்றி வையுங்கள் (ரீபேஸ்). முடிந்த எல்லா மாட்யூலையும் சேர்க்கும் ஆல்மாட்கான்ஃபிக் பில்ட் போட்டு லேப்டாப்பில் ஒரு சனிக்கிழமையைத் தொலைக்காமல், உங்கள் மெஷினில் ஓடும் மாட்யூல்களை மட்டும் எடுக்கும் லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டு, உங்கள் டிரைவர் டைரக்டரியை மட்டும் கூடுதல் எச்சரிக்கை காட்டும் டபிள்யூ=1 வைத்து பில்ட் செய்து பாருங்கள். பேட்சின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டான செக்பேட்சை ஸ்ட்ரிக்ட்டாக ஓட்டுங்கள். ஆர்சி2-க்குள் முதல் பதிப்பு போய்விட்டால் 2, 3 திருத்தத்துக்கு இடம் இருக்கும்.

சனிக்கிழமை அனுப்பினால் ரிவ்யூ திங்கள், செவ்வாயில் வரும், நீங்கள் ஆபீஸில் மாட்டியிருப்பீர்கள். செவ்வாய் இரவு அனுப்பினால் சனிக்கிழமைக்குள் ஏதாவது வந்திருக்கும், திருத்த 2 நாள் கையில் இருக்கும். இரண்டாம் பதிப்பில் என்ன மாறியது என்பதை பேட்சில் விளக்கத்துக்குப் பின் வரும் '---' என்ற மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் அது கிட் வரலாற்றில் ஏறிவிடும்.

ஜிமெயில் வெப்பில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும், பேட்ச் அப்ளை ஆகாது. கிட்டிலிருந்தே மெயில் அனுப்பும் கட்டளையான கிட் சென்ட்-இமெயில்தான் வழி. ஆபீஸ் மெயிலும் வேண்டாம். அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் 'இது ரகசியம்' வாசகத்தைப் பார்த்தாலே சிலர் ஒதுக்கிவிடுவார்கள்.

உங்கள் ஆபீஸ் ரிலீஸ் ஆர்சி2-க்கும் ஆர்சி5-க்கும் நடுவே வந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். 9, 10 வாரத்தில் அடுத்தது வரும். பிழைத்திருத்தம் மட்டும் விதிவிலக்கு; ஃபிக்ஸஸ் (Fixes:) வரியில், பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் 12 எழுத்து அடையாள எண்ணோடு எந்த ஆர்சியிலும் அனுப்பலாம்.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ப்ரொடக்‌ஷன் ரிலீஸ் வைக்கும் மேனேஜர்களுக்கு என்னிடம் வழியில்லை. திங்கள் காலை வைத்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

இப்போதைக்கு ஆர்சி1 வரும்வரை பொறுங்கள். அதன்பின் ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால், ஓர் எழுத்தும் மாற்றாமல், தலைப்பில் 'ரீசென்ட்' (RESEND, மறுபடி அனுப்புவது) சேர்த்து அனுப்புங்கள். மாற்றினீர்கள் என்றால் அது ரீசென்ட் அல்ல, இரண்டாம் பதிப்பு.