பேஸ்மேக்கர் இருந்தும் நாடி 38-ஆ?

கேள்வி: எனக்கு 71 வயது, மஞ்சள் விவசாயம். பேஸ்மேக்கர் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. நாடி 60-க்குக் கீழே இறங்காது என்றார்கள். போன வாரம் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 38 காட்டியது. மயக்கம் எதுவும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று தூக்கமே போச்சுங்க.
– வாசகர், கோபி

பதில்: இரண்டே வருடத்தில் பேட்டரி தீர்வது அபூர்வம்ங்க ஐயா. ஆக்ஸிமீட்டர் இதயத்தை எண்ணுவதில்லை. விரல் நுனிக்கு வந்து சேரும் ரத்த அலையைத்தான் எண்ணுகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் மதகைத் திறந்த உடனே மூடினால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? அதே கதைதான். சிலருக்கு முறையான துடிப்புக்கு நடுவே ஒன்று அவசரப்பட்டு முந்திக்கொள்ளும். இதயம் நிரம்பும் முன்பே துடிப்பதால் ரத்தம் கொஞ்சம்தான் வெளியேறும், விரல்வரை எட்டாது. ஒன்று விட்டு ஒன்று இப்படி வந்தால் இதயம் 76 துடிக்கும், கருவி 38 காட்டும். பேஸ்மேக்கரோ அதையும் ஒரு துடிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். குறைந்தால் கொடுப்பதுதான் அதன் வேலை, கூடுதலாக வருவதைத் தடுப்பதல்ல.

உங்களுக்கும் இதுதானா என்பதை ஈசிஜி சொல்லிவிடும். மணிக்கட்டு நாடியும் ஆக்ஸிமீட்டர் போலவே ஏமாற்றும் என்பதால் இந்த வாரமே ஈசிஜியும் பேஸ்மேக்கர் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்தே பார்த்துவிடுவார்கள், ஊசி கூட இல்லை. அதற்குள் தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

அப்புறம், அந்த ஆக்ஸிமீட்டரைக் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள். என் மாமனார் ஒரு நாளைக்குப் பத்து தடவை மாட்டிப் பார்ப்பார்!