அமெரிக்கக் கால்பந்தில் பன்ட்டை (எதிரணி உயரமாக உதைத்து நமக்கு விட்டுக்கொடுக்கும் பந்தை) பிடித்துத் திரும்ப ஓட யாரை நிறுத்தலாம்: வேகமான புதுமுகத்தையா, நட்சத்திர ரிசீவரையா (எறியும் பந்தைப் பிடிப்பவரையா)?

பந்தை நழுவவிடாதவர் யாரோ, அவரை. வேகம் அதற்குப் பிறகுதான். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் ரசிகனான எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை. காரணம், 2012 ஜனவரி 22.

அந்தப் பருவத்தில் எங்கள் ரிட்டர்னர், அதாவது உதைத்த பந்தைப் பிடித்து ஓடுபவர், டெட் ஜின். முதல் ஆட்டத்திலேயே சியாட்டிலுக்கு எதிராக, ஒரு கிக் ஆஃபையும் (தொடக்க உதை) ஒரு பன்ட்டையும் அடுத்தடுத்து டச் டவுனாக்கியவர், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தவர். ஜனவரி 22 அன்று என்எஃப்சி பிரிவின் இறுதி ஆட்டம்; வென்றால் சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பவுல். அதற்குள் அவருக்கு முழங்காலில் காயம். கைல் வில்லியம்ஸ் அந்த இடத்தில் நின்றார். மழையில் நனைந்த கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானம். கடைசிக் கால்பகுதியில் 14-10 என்று முன்னிலையில் இருந்தோம். தரையில் துள்ளி வந்த ஒரு பன்ட்டைத் தொடாமல் விட்டுவிட நினைத்து வில்லியம்ஸ் விலகினார். பந்து அவர் முழங்காலை உரசிவிட்டது. அப்படிப் பட்டுவிட்டால் உதைத்த அணியும் பந்தைக் கைப்பற்றலாம். நியூயார்க் ஜயண்ட்ஸ் கைப்பற்றி டச் டவுனும் எடுத்தது. எப்படியோ 17-17 ஆக்கினோம். கூடுதல் நேரத்தில் இன்னொரு பன்ட். இம்முறை பிடித்துவிட்டார், ஆனால் ஓடும்போது பந்தைத் தட்டிவிட்டார்கள். ஜயண்ட்ஸ் அதையும் கைப்பற்றியது. 31 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி). 20-17. சூப்பர் பவுல் போயிற்று.

அதன்பின் வில்லியம்ஸுக்குக் கொலை மிரட்டல் விடுத்தவர்களை நான் ரசிகர்களாகவே மதிக்கவில்லை. அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியாது. உயரமாக உதைத்த பந்து நாலரை வினாடிக்கு மேல்கூட வானில் நிற்கும். இடதுகாலால் உதைப்பவரின் பந்து எதிர்த்திசையில் சுழல்வதால், வழக்கமாகப் பார்த்துப் பழகியதற்கு மாறாக விலகும். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரணியினர் இருவர் ஓரங்களிலிருந்து முழு வேகத்தில் பாய்ந்து வருவார்கள். ஓடுவதா, கை உயர்த்தி ஃபேர் கேட்ச் (யாரும் மோதாமல் பிடிப்பது, ஆனால் ஓட முடியாது) கேட்பதா, தொடாமல் விடுவதா என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் சில யார்டுகள் லாபம். தவறினால் பந்தே எதிரணிக்கு.

டெவின் ஹெஸ்டரைச் சொல்லி என்னை மடக்குவார்கள். சிகாகோ பேர்ஸில் பெயர் பெற்றவர், பன்ட்டிலிருந்து மட்டும் 14 டச் டவுன்கள், 2024இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். அவருக்குப் பயந்தே பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்தார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விவாதமே தேவையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வேகமான புதுமுகம் ஒருவரை இன்னொரு ஹெஸ்டர் என்று நம்பி ஆட்டங்களை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

நட்சத்திர ரிசீவரைப் பொறுத்தவரை, 2010 டிசம்பரில் ஃபிலடெல்பியாவின் டீஷான் ஜாக்சன் ஜயண்ட்ஸுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் ஓடிய 65 யார்டு எனக்கும் மெய்சிலிர்ப்புதான். அந்த ஆட்டம் அந்த ஓட்டத்தோடு முடிந்தது. அவரும் முதலில் பந்தை நழுவவிட்டுத்தான் எடுத்தார் என்பதை மறக்கக் கூடாது. ஆட்டத்தின் இறுதியில், வேறு வழியே இல்லாதபோது நட்சத்திரத்தை நிறுத்துங்கள். முதல் கால்பகுதிப் பன்ட்டுக்கு அவர் முழங்காலைக் காவு கொடுக்க வேண்டாம்.

உங்கள் புதுமுகத்தைப் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் நிறுத்துங்கள். காற்றடிக்கும் நாளில், ஆட்கள் மேலே பாய்ந்து வரும்போது பிடிக்கிறாரா என்று பாருங்கள். பிடித்தால் வேலை அவருடையது. இல்லையென்றால் கை உறுதியான மூத்தவரே நிற்கட்டும். யாரை நிறுத்தினாலும், அவருக்கு அடுத்த ஆளுக்கும் வாரந்தோறும் அதே பயிற்சியைக் கொடுங்கள். ஜின் இல்லாத அந்த நாளில் எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான்.