பட்டறைத் திண்ணை: லாரி வில்பட்டையில் கலப்பை செய்யலாமா?

(பண்ருட்டி – வடலூர் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை வைத்திருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய ஒன்பது கொத்துக் கலப்பை ஒன்று கிடக்கிறது. காயலான் கடையில் லாரி வில்பட்டைகள் (பாரம் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டைகள்) நான்கும், சட்டிக் கலப்பையின் தேய்ந்த சட்டிகள் (குழிந்த வட்டத் தகடுகள்) இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். கரும்புக்குப் பார் பிடிக்க, ஒரே ஓட்டத்தில் இரண்டு சால் போடும் கருவியை நானே வெல்டு செய்துகொள்ள ஆசை. வில்பட்டையை எதிலும் ஒட்டலாம் என்கிறார் ஒருவர். தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தொடவே கூடாது என்றவர் ஒருமுறை சூடு பட்டவராக இருப்பார். நானும் பட்டவன்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் முந்திரித் தோப்புகள் படுத்துக் கிடந்தன. பலா மரங்கள் வேரோடு சாய்ந்து, வேரில் ஒட்டிய செம்மண் ஆள் உயரத்துக்கு நின்றது. மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை வைத்துக்கொண்டுதான் பட்டறை ஓடியது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: டிராக்டரின் பின்னால் மாட்டி, அறுத்த கட்டையைத் தூக்க ஒரு கருவி வேண்டும். பழைய லாரிச் சட்டத்தின் சேனலை (ப வடிவ இரும்பை) வெட்டி நீண்ட கை ஒன்று செய்தேன். அதன் நுனியில் கொக்கியாக, வளைவு தானாகவே அமைந்திருக்கிறதே என்று, வில்பட்டைத் துண்டு ஒன்றை ஒட்டினேன். வெல்டு கோடு மீன் செதில் அடுக்கியது போல அழகாக வந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், எனக்கும் பெருமைதான். மூன்றாவது நாள் கொக்கி முறிந்தது. வெல்டு விடவில்லை. வெல்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, கண்ணாடி உடைவது போலப் பட்டென்று போயிற்று. கட்டை விழுந்த இடத்தில் சற்று முன்புவரை என் உதவியாள் நின்றிருந்தான்.

காரணம் இதுதான். ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), சேனல் எல்லாம் மென்மையான இரும்பு, கரி (கார்பன்) குறைவு. வில்பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து 0.6 பங்கு வரை கரி இருக்கும். கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து விறைப்பேற்றுவாரே, வெல்டு போடும்போது அதே வேலை நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. வெல்டுக்குப் பக்கத்து இரும்பு பழுக்கிறது. அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த பட்டை அந்தச் சூட்டை ஒரு நொடியில் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரே இல்லாத தோய்ச்சல். அந்த ஓரம் அரம் ஏறாத அளவுக்கு விறைத்துப்போகும். விறைத்த இரும்புக்கு வளையத் தெரியாது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டில் வெல்டு போட்டு ஆறவிட்டு, கோட்டின் ஓரத்தில் அரத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே உங்கள் கருவியில் வில்பட்டையைக் கொழுவாக வையுங்கள். ஆனால் போல்ட் போட்டு மாட்டுங்கள். மண்ணைக் கிழிக்க அதைவிட நல்ல இரும்பு காயலான் கடையில் கிடைக்காது. தேய்ந்தால் கழற்றி மாற்றவும் சௌகரியம். போல்டுக்குத் துளை போடத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும். சாதாரணத் துளைக்கம்பி அழும். துளை வரும் இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் மறுநாள் இறங்கும்.

வெல்டு செய்தே தீர வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பட்டையை முதலில் சூடேற்ற வேண்டும், 250 முதல் 300 டிகிரி வரை. வெப்பமானி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஓரிடத்தை அரத்தால் பளபளவென்று தேய்த்துவிட்டுச் சூடேற்றுங்கள். அந்த இடம் முதலில் வைக்கோல் நிறம் காட்டும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. ஊதா நீலத்துக்குத் திரும்பும் நேரம்தான் நமக்கு வேண்டியது. ஈரமில்லாத 7018 எண் வெல்டிங் ராடில் ஒட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்துவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் என் கொக்கியின் கதைதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தக் கேள்வியில் நீங்கள் கேட்க மறந்தது அதைத்தான். ஒன்பது கொத்துக் கலப்பையின் சட்டம், இழுப்பை ஒன்பது இடங்களில் பிரித்து வாங்குவதற்காகச் செய்தது. ஏழு கொத்துகளைக் கழற்றிவிட்டு இரண்டை மட்டும் வைத்தால், ஒன்பது பேர் சுமந்த பல்லக்கை இரண்டு பேர் தோளில் ஏற்றுவது போல. மண்ணில் ஒரு வேரோ கல்லோ தட்டினால் பின்பக்க ஆங்கிள் வில்லாக வளையும். அந்த ஆங்கிளுக்கு எதிராக இன்னோர் ஆங்கிளைக் கவிழ்த்து ஒட்டிப் பெட்டி மாதிரி ஆக்கிவிடுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் கோடு இழுக்காதீர்கள். இரண்டு அங்குலம் இங்கே, இரண்டு அங்குலம் எதிர்முனையில் என்று மாறி மாறிப் போடுங்கள். இல்லையென்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை.

தேய்ந்த சட்டிகளை நடுவே வெட்டினால் பாரின் இருபுறமும் மண்ணை ஒதுக்கும் இறக்கைகள் ஆகும். அந்த வளைவை நாம் சம்மட்டியால் அடித்துக் கொண்டுவர முடியாது. சட்டியும் கெட்டி இரும்புதான், அதற்கும் போல்ட்தான். கேஸ் சுடரில் வெட்டாமல் கட்டிங் வீலில் வெட்டுங்கள், ஓரத்தின் விறைப்பு கெடாது. இரண்டு கொழுக்களுக்கு நடுவே மூன்றடி வையுங்கள். ஆனால் துளைகளை நீளவாக்கில் போட்டு, தள்ளி வைக்கவும் இடம் விடுங்கள். இயந்திர அறுவடைக்கு ஐந்தடிப் பார் வேண்டும் என்று நாளை ஆலைக்காரர்கள் சொன்னால் கருவியைத் திரும்பப் பட்டறைக்குத் தூக்கிவர வேண்டியதில்லை.

கடைசியாக, கருவியை டிராக்டரில் மாட்டும் ஊசிகள். டிராக்டரின் கீழ்க்கைகளில் உள்ள உருண்டையின் துளையை அளந்துகொண்டு தொடங்குங்கள். சிறிய ரகத்தில் கீழ் ஊசி 22 மி.மீ., மேலே டாப் லிங்க் (மேல் இணைப்புக் கை) ஊசி 19 மி.மீ. பெரிய ரகத்தில் கீழே 28, மேலே 25. சின்ன ஊசியைப் பெரிய துளையில் மாட்டினால் லொடலொட என்று ஆடி, இரண்டே பருவத்தில் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். ஊசிக்குக் கம்பித் துண்டை வெட்டிச் செருகும் சிக்கனம் மட்டும் வேண்டாம். கடையில் விற்கும் ஊசியை வாங்குங்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ராடு டப்பா திறந்து ஒரு வாரத்தில் வெல்டில் ஊசித்துளைகள் விழுகின்றன. வெயிலில் காயவைத்தால் போதுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 6013 ராடாக இருந்தால், இலேசான ஈரத்துக்கு வெயிலும் ஓரளவு உதவும். 7018-க்கு வெயில் என்பது குளிர்காய்வதற்குச் சமம். அதன் பூச்சு உப்புக்காற்றில் உள்ள ஈரத்தைப் பஞ்சு மாதிரி குடிக்கும். 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது அடுப்பில் வைத்தால்தான் விடும். ஈரத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, மறுநாள் யாரும் தொடாமலே விரிசல் விடவைக்கும். வெளியே துளை தெரிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற விரிசல் தெரியாது. இன்னொன்று: வீட்டு உபயோகச் சின்ன ஏ.சி. (மாறுதிசை மின்சார) டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷின்கள் பலவற்றில் 7018 நிற்காது, ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். அதில் 6013 ராடு, 3.15 மி.மீ., 100 முதல் 130 ஆம்பியருக்குள் வைத்து வேலையைப் பாருங்கள். கலப்பைச் சட்டத்துக்கு அதுவே போதும்.

கேள்வி: என் கணவர் கலப்பை வேலை என்று இரவு வெல்டிங் செய்கிறார். கறுப்புக் கண்ணாடி இருந்தும் முகத்தில் பிடிப்பதில்லை, "கண்ணை மூடிக்கொண்டுதான் பொட்டு (சின்ன ஒட்டு) வைக்கிறேன்" என்கிறார். நடு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் துடிக்கிறார். மாமியார் தாய்ப்பால் விடச் சொல்கிறார். விடலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: வேண்டாம் அம்மா. தாய்ப்பால், வெங்காயச் சாறு, நல்லெண்ணெய், எதுவும் வேண்டாம். அது கருவிழியின் மேல்தோல் வெந்துபோன புண். புண்ணில் சுத்தமில்லாத எதை விட்டாலும் சீழ் பிடிக்கும். வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக்கதிர்தான் வேக வைக்கிறது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும் என்பதால் மாலையில் செய்த தப்பு நடு இரவில் எழுப்புகிறது. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்ணின் மேல் போடுங்கள், தேய்க்க விடாதீர்கள், காலையில் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தை மருந்துக்கடையில் தாமாக வாங்கி விட்டுக்கொள்ளவும் கூடாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

கண்ணை மூடிப் பொட்டு வைப்பதாகச் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் முன்பு நானும் அப்படித்தான் சொன்னேன். இமை மூடுவதற்குள் ஒளி நுழைந்துவிடும். தலையில் மாட்டும் முகமூடி வாங்கிக் கொடுங்கள், 10 அல்லது 11 எண் கண்ணாடி போட்டது. இரண்டு கையும் சும்மா இருக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கண்ணைச் சுடும்.

கேள்வி: டீசல் பீப்பாய் ஒன்று சும்மா கிடக்கிறது. அச்சு ஒட்டி, தண்ணீர் நிரப்பி, வயலில் ஓட்டும் உருளையாக்க நினைக்கிறேன். பீப்பாய் காலியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், பாகூர்

பதில்: காலியாக இருப்பதுதான் ஆபத்து. நிறைய டீசல் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலிப் பீப்பாயில் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் இரண்டு சொட்டு போதும். சூடு பட்டதும் ஆவியாகிக் காற்றோடு கலந்து, மூடியைக் கூரைக்கு அனுப்பும். கழுவிவிட்டேன் என்பதை நம்பி வெல்டிங் முனையைப் பிடிக்காதீர்கள். பீப்பாய் வேலையை என் பட்டறையில் எடுப்பதே இல்லை.

அதற்குப் பதில் ஓர் அடி விட்டமுள்ள பழைய குழாய்த் துண்டு பாருங்கள். ஐந்தடி நீளத்தில் வெட்டி, நடுவே அச்சுக்கம்பியை நிறுத்தி, உள்ளே கான்கிரீட் கொட்டுங்கள். கான்கிரீட் மட்டுமே சுமார் 250 கிலோ வரும், தண்ணீர் பீப்பாயைவிட அடக்கமான கனம். குழாய் துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருந்தால் ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவு குளிர்க்காய்ச்சல் வந்து போர்வைக்குள் நடுங்குவீர்கள். இரண்டு முனையையும் மூடி ஒட்டும்போது காற்றுப் போக ஒரு சின்னத் துளை விடுங்கள்.

கேள்வி: முந்திரி வேர்க்கட்டைகளை டிராக்டரால் பிடுங்க, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்ட ஒரு வளையம் ஒட்டித் தருவீர்களா? எவ்வளவு ஆகும்?
– வாசகர், முத்தாண்டிக்குப்பம்

பதில்: ஒட்டித் தர மாட்டேன் ஐயா, எவ்வளவு கொடுத்தாலும். பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், வேர் அசையாதபோது டிராக்டர்தான் எழும்பும். முன் சக்கரம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. இழுப்பது எதுவானாலும் பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைப் பட்டையில் மட்டும்.

தூக்குவதிலும் இதே கணக்குதான். என் நீண்ட கைக் கருவி கொக்கி முறிவதற்கு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. இரண்டு டன் டிராக்டரில் முன் சக்கரங்களின் மேல் எண்ணூறு கிலோ அளவுக்கு இருக்கும் என்று வையுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இரண்டு மீட்டர். பின் அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி 500 கிலோ கட்டையைத் தொங்கவிட்டால், முன்னால் 625 கிலோ குறைந்துவிடும். மிச்சம் 175. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. தோப்புப் பாதையில் ஒரு வளைவில் நான் நேராக வேலிக்குள் போனேன். மறுநாள் அந்தக் கையில் மூன்றடியை அறுத்து எடுத்தேன். அறுத்த துண்டு இப்போதும் பட்டறை வாசலில் படிக்கட்டாகக் கிடக்கிறது.

உங்கள் வேர்க்கட்டைக்கு மண் அள்ளும் இயந்திரத்தை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இயந்திரங்கள் வாடகைக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள். வளையம் செய்யும் காசு மிச்சம்.